வீட்டாருக்குச் சொல்லியாயிற்று

நிதானக்கா எங்கள் அலுவலகத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. அதற்கு முன் பதினாறு வருடம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் வேலை. கவுண்டர்களை மூடிவிட்டு இயந்திரங்களை வைத்தபோது, அவரோடு வேலை பார்த்தவர்கள் மனுப் போட்டார்கள், கூட்டம் போட்டார்கள். இவர் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இவருடைய மகள் வயது. “கடைசி பெஞ்சுல உட்கார்ந்தா பிள்ளைங்க கிண்டல் பண்ணும். முதல் பெஞ்சுல உட்கார்ந்தா வாத்தியாருக்கே கூச்சமா இருக்கும். நடு பெஞ்சுதான் நமக்குச் சரின்னு முடிவு பண்ணினேன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

நிதானம் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் “இரு, நிதானமா பார்ப்போம்” என்பார். லிஃப்ட் வரவில்லையென்றாலும் அதே பதில்தான். மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நிதானக்கா எழுதிக் கொடுத்த கணினித் திரை ஒருநாளும் குறையோடு திரும்பி வராது என்பதால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்.

நான் சோதிப்பவள். மற்றவர்கள் எழுதும் திரைகளைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பிழைப்பு. ஏழு வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய வேலையில் ஒரு சின்ன ஓட்டை கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுக்க எனக்குத் தலை கால் புரியாது. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். “கண்ணா, பிடிச்சுட்டே போ” என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்.

நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கு வார்டுத் திரை செய்து தரும் வேலை எங்களுக்கு வந்தது. அதுவரை அங்கே நர்ஸ்கள் ஒரு பலகையில் சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு உடம்பு மோசமானது, யாரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள், யார் வீட்டுக்குப் போகிறார்கள், அதை வீட்டாருக்குச் சொல்லியாயிற்றா என்பதெல்லாம் அந்தச் சீட்டில்தான் இருக்கும். மின்விசிறிக் காற்றில் சீட்டு பறந்தால் சேதியும் பறந்தது. அதற்குப் பதிலாகச் சுவரில் ஒரு பெரிய திரை, நர்ஸ் மேசையில் ஒரு சின்னத் திரை. இரண்டிலும் ஒரே பட்டியல்.

நிதானக்கா அதை எப்படிக் கட்டினார் என்பதைச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது.

எந்தத் திரையையும் அவர் முதலில் பென்சிலால், பழைய தாளின் பின்பக்கத்தில், தலைகீழ் மரமாக வரைவார். வேர் மேலே, இலை கீழே. உச்சியில் வார்டு என்று ஒரு பெட்டி. அதிலிருந்து இறங்கும் கிளைகளில் ஒன்று தலைப்பு, இன்னொன்று இன்றைய பட்டியல். பட்டியலுக்குக் கீழே ஆளுக்கொரு வரி. ஒவ்வொரு வரியிலும் பெயர், கட்டில் எண், என்ன மாற்றம், கடைசியில் ‘வீட்டாருக்குச் சொல்லியாயிற்று’ என்று ஒரு டிக் பெட்டி. இப்படித் தனித்தனிப் பாகங்களைச் செய்து ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டினால் திரை வந்துவிடும். சில பாகங்களுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. மேலேயிருந்து கொடுப்பதைக் காட்டும், அவ்வளவுதான். சில பாகங்களுக்கு நினைவு உண்டு. டிக் விழுந்ததா இல்லையா என்பதை அந்தந்த வரியே நினைவில் வைத்துக்கொள்ளும். ஷிஃப்ட் முடியும்போது நர்ஸ் ‘சேமி’ என்று அழுத்தினால் எல்லாம் மொத்தமாகப் பதிவேட்டுக்குப் போகும். மருத்துவமனை அப்படித்தான் கேட்டிருந்தது.

ஏதாவது ஒன்று மாறினால் திரை முழுவதையும் அழித்து எழுதுவதில்லை. மாறிய பாகமும் அதன் கீழே உள்ளவையும் மனக்கணக்காக மறுபடி வரையப்படும். புது மரத்தைப் பழைய மரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் இருக்கும் இடத்தை மட்டும் கணினி தொடும். அதே இடத்தில் அதே வகைப் பாகம் இருந்தால், பழைய ஆள்தான் என்று எண்ணி, அதன் நினைவில் கை வைக்காது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கும் பட்டியலில் இது வில்லங்கம். அதனால் ஒவ்வொரு வரிக்கும் நிரலில் ஓர் அடையாளம் கொடுத்துவிட வேண்டும். நிதானக்கா நோயாளியின் பதிவு எண்ணையே அடையாளமாகக் கொடுத்திருந்தார். ஆள் எந்த வரிசைக்கு நகர்ந்தாலும் அவர் டிக் அவரோடு போகும்.

மருத்துவமனைக்காரர்கள் திரையைப் பார்க்க வரவிருந்த அன்று, அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், பட்டியலில் ஒரே நோயாளி இரண்டு தடவை வந்து நின்றார். பழைய வார்டும் புது வார்டும் இரண்டுமே அவரை அனுப்பியிருந்தன. ஒரே எண்ணில் இரண்டு வரி. திரை குழம்பியது, சிவப்புச் சிவப்பாக எச்சரிக்கை ஓடியது. மேலாளர் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். நிதானக்கா பதிவு எண்ணை எடுத்துவிட்டு, வரிசை எண்ணை அடையாளமாக வைத்தார். முதல் வரி ஒன்று, அடுத்தது இரண்டு. எச்சரிக்கை நின்றது. பக்கத்திலேயே ‘தற்காலிகம், மாற்ற வேண்டும்’ என்று குறிப்பும் எழுதினார். வந்தவர்கள் பார்த்தார்கள், கை குலுக்கினார்கள், போனார்கள்.

அன்று மாலையே அவருடைய கணவர், சரக்கு வேன் ஓட்டுபவர், வயிற்று வலி தாங்காமல் வண்டியை ஓரங்கட்டினார். பித்தப்பையில் கல். அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. நிதானக்கா பத்து நாள் விடுப்பில் போனார். அவர் திரும்புவதற்குள், ஒரே ஆள் இரண்டு தடவை வரும் தொல்லையை மருத்துவமனைப் பக்கமே சரிசெய்திருந்தார்கள். குறிப்பு அங்கேயே கிடந்தது. அவர் மேசையில் அதற்குள் நாலு புது வேலை காத்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து, கணவரைக் கடைசிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, வார்டு வாசலில் தன் திரை சுவரில் ஓடுவதை அவர் முதன்முதலாகப் பார்த்தார். பகல் ஷிஃப்ட் நர்ஸ் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், கன்னத்தில் மச்சம். அவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

“இது எப்படி இருக்கு, வசதியா இருக்கா?”

“இது வந்ததுக்கப்புறம்தான்க்கா நாங்க சீட்டு ஒட்டுறதை விட்டோம். முன்னெல்லாம் பசைக்கையோடயே சாப்பிடுவோம்.”

“இதை நான்தான் எழுதினேன்” என்று நிதானக்கா சொல்லவில்லையாம். கணவர்தான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். மறுநாள் அலுவலகத்தில் நிதானக்கா அதை எனக்கு மூன்று தடவை சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் என் மேசைக்கு ஒரு புகார் வந்தது. ‘டிக் சில சமயம் தானாக விழுகிறது’ என்று ஒரே வரி. அனுப்பியது அந்த நர்ஸ். நான் சோதித்தேன். வரி சேர்த்தேன், டிக் போட்டேன், கடைசி வரியை நீக்கினேன், மறுபடி சேர்த்தேன். முப்பது தடவையாவது செய்திருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ கூட வேலை செய்பவர் டிக் போட்டிருப்பார் என்று நினைத்தேன். ‘மீண்டும் நிகழவில்லை’ என்று எழுதிப் புகாரை மூடினேன். நிதானக்காவிடம் சொல்லக்கூட இல்லை.

நான்கு மாதம் ஓடியது.

ஆறாம் கட்டிலில் இருந்தவர் ரொட்டி அடுமனையில் மாவு பிசைபவர். அறுபத்தொரு வயது. நெஞ்சு வலி என்று வந்து, தேறி, இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். தினமும் நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில் வந்துவிடுவார். கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு உடைந்துவிட்டது, பேப்பர் படிக்க முடியவில்லை, பொழுதே போகவில்லை என்று முந்தின நாள் புருஷன் நச்சரித்ததால், அன்று கண்ணாடியைச் சரிசெய்ய எடுத்துப் போயிருந்தார்.

காலை பதினொன்று பத்துக்கு அந்த மாவு பிசைபவர் இறந்துபோனார். டாக்டர்கள் ஓடி வந்து முயன்று பார்த்தார்கள். முடியவில்லை.

அந்த நேரத்தில் திரையில் மூன்று வரி இருந்தது. இரண்டாவது வரி நாலாம் கட்டில் அம்மா. அவரை வேறு வார்டுக்கு மாற்றப்போவதாக நர்ஸ் பத்தேகாலுக்கே வீட்டுக்குப் போன் செய்து, டிக் போட்டிருந்தார். மூன்றாவது வரியில் ஆறாம் கட்டில், ‘மரணம்’. டிக் இல்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் போன் செய்யலாம் என்று நர்ஸ் காத்திருந்தார். பதினொன்று முப்பத்தைந்துக்கு நாலாம் கட்டில் அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அவர் வரி பட்டியலிலிருந்து போனது. மூன்றாவது வரி இரண்டாவது இடத்துக்கு ஏறியது. இரண்டாவது இடத்தின் நினைவில் டிக் இருந்தது.

உடனே இன்னொரு கட்டிலில் மூச்சுத்திணறல். நர்ஸ் அங்கே ஓடினார். ஒன்றரைக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, இறந்தவர் பெயருக்கு நேரே டிக் இருந்தது. டாக்டரே வீட்டாரிடம் பேசிவிட்டார் என்று எண்ணிக்கொண்டார். டாக்டரும் அதைப் பார்த்து, நர்ஸ் பேசிவிட்டார் என்று எண்ணிக்கொண்டார். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. நர்ஸ் ‘சேமி’யை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். வீட்டார் வரும்வரை உடலை வார்டிலேயே வைத்திருப்பது அங்கே வழக்கம். ஆனால் சொல்லி இவ்வளவு நேரமாகியும் யாரும் வரவில்லையே என்று மூன்று மணிக்குப் பிணவறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாலு மணிக்கு அந்த அம்மா வந்தார். ஒரு கையில் கண்ணாடிக் கூடு, இன்னொரு கையில் அன்றைய பேப்பர். ஆறாம் கட்டிலில் மெத்தையை மடக்கிவிட்டு ரப்பர் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார் துப்புரவு வேலை பார்க்கும் பெண்.

“இவரை எந்த வார்டுக்கு மாத்திட்டீங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

அந்தப் பெண் திரையை ஒருதரம் பார்த்தார். அதில் டிக் இருந்தது. “உங்களுக்குத்தான் காலையிலேயே சொல்லிட்டாங்களே, அம்மா” என்றார்.

“என்ன சொன்னாங்க?”

இப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது.

மறுநாளே விசாரணை. டிக் நர்ஸ் பெயரில் பதிவாகியிருந்தது. போன் செய்யாமலே டிக் போட்டார் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். “நான் போடலை” என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சம்பிரதாயத்துக்கு எங்கள் அலுவலகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டிருந்தார்கள், திரையில் ஏதாவது கோளாறு உண்டா என்று. மேலாளர் அந்தக் கடிதத்தை நிதானக்காவிடம் கொடுத்து, “இல்லைன்னு ரெண்டு வரி எழுதிடுங்க” என்றார்.

“இருங்க, நிதானமா பார்க்கறேன்” என்றார் அவர்.

கடிதத்தோடு வந்த பதிவுகளை மேசையில் பரப்பினார். பென்சிலை எடுத்து நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாரேன். நாலாம் கட்டில் வீட்டுக்குப் போன் போயிருக்கு. போன் நோட்டுல இருக்கு. ஆனா அவங்க பேர்ல டிக் பதிவாகவே இல்லை. ஆறாம் கட்டிலுக்குப் போன் போகலை. டிக் மட்டும் இருக்கு.”

“அப்போ அந்தப் பொண்ணு மறந்து மாத்திப் போட்டிருப்பாளோ?”

நிதானக்கா பென்சிலைக் கீழே வைத்தார். “நீ சோதிக்கறப்ப எந்த வரியை நீக்கிப் பார்ப்பே?” என்று கேட்டார்.

“கடைசி வரியை.”

“எப்பவுமா?”

“எப்பவும்தான். அதுதானே கைக்குப் பக்கத்துல இருக்கும்.”

“நடுவுல இருந்து ஒண்ணை நீக்கு.”

நான் மூன்று வரி சேர்த்தேன். இரண்டாவதுக்கு டிக் போட்டேன். அதை நீக்கினேன். மூன்றாவது வரி மேலே ஏறியது. டிக்கோடு ஏறியது.

மறுபடி செய்தேன். மறுபடி அதே. மூன்றாவது தடவை செய்யப் போனபோது நிதானக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். எழுந்து தன் மேசைக்குப் போய் அந்தப் பழைய நிரலைத் திறந்தார். ‘தற்காலிகம், மாற்ற வேண்டும்.’ நான் என் பங்குக்குப் பழைய புகாரைத் தேடி எடுத்தேன். அதை அவர் முன்னால் வைத்தேன்.

“அவளே சொல்லியிருக்கா” என்றார் அவர். “நாலு மாசம் முன்னாடி அவளேதான் சொல்லியிருக்கா.”

திருத்தம் என்னவோ அரை வரிதான். ஆனால் அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். பதிவு எண்ணைத் திரும்ப அடையாளமாக்கினார். டிக்கின் நினைவை வரியிலிருந்தே எடுத்து, போட்ட மாத்திரத்தில் அந்த நோயாளியின் பதிவேட்டுக்குப் போகும்படி மாற்றினார். பிறகு எங்கள் மற்ற திரைகளில் உள்ள பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். இன்னும் நான்கு இடங்களில் மற்றவர்களும் அதே குறுக்குவழியில் போயிருந்தார்கள். யாரையும் ஒன்றும் சொல்லாமல் திருத்தினார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. பயந்தவர். “‘காட்சியில் சிறு கோளாறு இருந்தது, சரிசெய்யப்பட்டது’ன்னு எழுதுவோம். அது பொய் இல்லையே” என்றார்.

“அந்தப் பொண்ணோட வேலைக்கு அதுல பதில் இருக்கா, சார்?”

“அதை அவங்க பார்த்துப்பாங்க. நம்ம தலையில நாமே ஏன் மண்ணை வாரிப் போட்டுக்கணும்?”

நிதானக்கா தானே கடிதம் எழுதினார். தவறு திரையுடையது, அதை எழுதியது நான், நர்ஸ் டிக் போடவில்லை, நான்கு மாதம் முன்பே அவர் எச்சரித்திருக்கிறார். கீழே கையெழுத்து. சோதித்தவள் என்று நானும் கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினார். அன்று நான் போடவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஏதோ உளறினேன். மறுநாள் காலையில் போட்டேன். அந்த ஒரு ராத்திரியை அவர் எனக்கு ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

மருத்துவமனை நர்ஸைத் திரும்ப வரச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. இறந்தவரின் மனைவியை அழைத்து நேரில் விளக்கவும் தீர்மானித்தது. எங்கள் தரப்பில் விளக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மேலாளர் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை அனுப்பப் பார்த்தார். “நான்தான் போவேன்” என்று நிதானக்கா பிடிவாதமாக நின்றார். துணைக்கு நான் போனேன்.

நீள மேசை, ஆறு நாற்காலி, சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம். அந்த அம்மா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. மருத்துவமனை அதிகாரி ஏதோ படித்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

“நீதான் எழுதினியா?” என்று நிதானக்காவைக் கேட்டார்.

“ஆமாம்மா. நான்தான்.”

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“டாக்டரைப் பார்க்க வரிசையா நாற்காலி போட்டிருக்காங்கன்னு வைங்க. ரெண்டாவது நாற்காலியில இருக்கறவங்க ஒரு சீட்டை நாற்காலி மேல வெச்சுட்டு எழுந்து போயிடறாங்க. மூணாவது ஆள் நகர்ந்து அங்க உட்கார்றார். பார்க்கறவங்க அந்தச் சீட்டு இவரோடதுன்னு நினைச்சுக்கறாங்க. சீட்டை ஆள் கையில கொடுத்திருக்கணும். நான் நாற்காலி மேல வெச்சுட்டேன். அவசரத்துல வெச்சேன். அப்புறம் எடுக்க மறந்துட்டேன்.”

அந்த அம்மா நிமிர்ந்து கேட்டார்:

“அப்போ அந்தச் சீட்டு யாரோடது?”

அதிகாரி அதைச் சொல்லக்கூடாது என்பதுபோல் கையை உயர்த்தினார். நிதானக்கா, “வேற ஒருத்தங்களோடதும்மா. அவங்க வீட்டுக்கு ஒழுங்கா சேதி போயிருக்கு” என்றார்.

“அவங்க பொழைச்சாங்களா?”

“வீட்டுக்குப் போயிட்டாங்களாம்.”

“போகட்டும். நல்லா இருக்கட்டும்.” பிறகு குரல் மாறியது. “பதினொரு மணிக்கு நான் எங்க இருந்தேன்னு தெரியுமா உனக்கு? கண்ணாடிக் கடையில. காம்பை ஒட்டித் தர்றேன்னவன்கிட்ட, புதுசாவே போட்டுக் கொடு, மனுஷன் இனிமே பத்து வருஷம் பேப்பர் படிக்கணும்னு சொல்லிச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பாட்டுக் கேட்டுக்கிட்டே ரெண்டு சட்டை தைச்சேன். அவர் போய் அஞ்சு மணி நேரம் நான் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அதை நான் என்ன பண்றது, சொல்லு?”

நிதானக்கா அழவில்லை. அந்த இடத்தில் அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வேற யாரையாவது அனுப்பியிருக்கலாமே. நீ ஏன் வந்தே?”

“வேற ஒருத்தர் வந்து சொன்னா, யாரும் செய்யாத தப்பு மாதிரி ஆயிடும்னு தோணுச்சும்மா.”

“மன்னிச்சுட்டேன்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன்.”

“கேக்கலைம்மா.”

“சரி. வந்தே இல்ல, சரி” என்று எழுந்துகொண்டார். கதவு வரை போய், அது தள்ளும் கதவா இழுக்கும் கதவா என்று தெரியாமல் நின்றார். நான் போய்த் திறந்துவிட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் இடம் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நாலைந்து நிறுத்தம் போனபிறகு கேட்டேன்.

“நான் மூடின புகாரைப் பத்தி அங்க நீங்க ஏன் வாயே திறக்கலை?”

“அது நீ சொல்ல வேண்டியது. நான் எப்படிச் சொல்றது?”

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கடைகளை ஒட்டி, யாருக்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கி ஒதுங்கி நடந்துகொண்டிருந்தார்.

அந்த நர்ஸ் வேலைக்குத் திரும்பவில்லை. ஒரு பல் டாக்டரிடம் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். நிதானக்கா எண்ணைத் தேடி வாங்கி, மதிய இடைவேளையில், மாடிப்படியில் நின்று பேசினார். நான் அருகில் இருந்தேன். அந்தப் பெண்ணின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது. “நீங்க எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன்க்கா. உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா வேலையை விட்டு நிறுத்தியிருந்த அந்த ஒரு மாசம், எங்க எதிர்ப்பட்டாலும், கூட வேலை பார்த்தவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதோட எப்படித் திரும்பிப் போறது? அதுக்கப்புறம் அந்த வார்டு வாசல்ல நுழையவே எனக்குக் கால் வரலை.” நிதானக்கா, “சரிடா, சரிடா” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் முன்போல் எழுதவில்லை. முன்பு அவருடைய நிதானத்தில் ஒரு தெம்பு இருந்தது. இப்போது அது வேறு மாதிரி ஆனது. ஒரு நாள் வேலையை ஒரு வாரம் வைத்திருப்பார். நான் சோதித்துச் சரியென்று சொன்ன பிறகும், “நடுவுல இருந்து நீக்கிப் பார்த்தியா? முதல் வரியை?” என்று கேட்பார். “பார்த்தேன்க்கா” என்றால் தலையசைப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து மறுபடி கேட்பார். வேலை தேங்கியது. யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் அவருடைய கணவர் வாசலில் என்னை நிறுத்தி, “வீட்டுல அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்றா, எழுந்து போய்ப் பார்க்கறா, வந்து உட்கார்றா. இங்கயும் இப்படித்தானா?” என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன்.

ஒன்றரை வருடம் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு, எழுதும் வேலையிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்தார். இப்போது எங்களுக்கு இரண்டு மாடி கீழே, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பிரிவில் இருக்கிறார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் ஏதோ தானாக நடக்கிறது என்று யார் சொன்னாலும் முழுவதையும் கேட்டுக்கொள்கிறார். எத்தனை மணி, அதற்கு முன் எதைத் தொட்டீர்கள், எந்த வரி போயிற்று என்று ஒன்று விடாமல் எழுதிக்கொள்கிறார். அவர் அனுப்பும் புகாரை என்னால் சுலபத்தில் மூடிவிட முடியாது. மூடுவதும் இல்லை.

அந்த அம்மாவிடம் நான் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. விலாசம் இருக்கிறது. இரண்டு தடவை அந்தத் தெரு வரைக்கும் போயிருக்கிறேன். தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

போன வாரம் மதியம் கீழே நிதானக்காவின் பிரிவில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுதுவதை விட்டதில் வருத்தம் உண்டா என்று, அதுவரை கேட்காததை, கேட்டுவிட்டேன்.

“எழுதறது எனக்கு ரொம்பப் பிடிக்கும்டி” என்றார். “ஒண்ணுமில்லாத இடத்துல ஒவ்வொண்ணா வந்து உட்காரும் பாரு, அது அவ்வளவு பிடிக்கும்.”

மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். மேசையில் தொலைபேசி விளக்கு எரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் எடுத்தார்.